இரண்டு சுற்று கீழே

வெள்ளைக் கோடு அறுபடவில்லை. அதுதான் அவனுக்குப் பிடிபடவே இல்லை.

ஒன்பது நாளைக்கு முன் இதே டிஷ்ஷைச் சரிசெய்துவிட்டு இறங்கும்போது சின்னத் தூரிகையால் அவனே இழுத்த கோடு அது. கைபேசிக் கோபுரத்துக் குழாயில் தொடங்கி, டிஷ்ஷை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பின் மேல் ஏறி, டிஷ்ஷின் முதுகுத் தகடு வரை ஒரே இழுப்பு. கிளாம்ப் நூலளவு நழுவினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். போல்ட் இளகினால் அதன் தலையில் வைத்த வெள்ளைப் பொட்டு இடம் மாறிவிடும். இரண்டுமே நடக்கவில்லை. ஸ்பேனரைப் போட்டு அழுத்திப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. ஆனாலும் டிஷ் பார்க்க வேண்டிய திசையைப் பார்க்கவில்லை. அசையாத ஒன்று எப்படித் திரும்பும்? இருபது மீட்டர் உயரத்தில், இடுப்புப் பட்டையில் சாய்ந்தபடி, மூடுபனிக்குள் அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.

அலுவலகத்தில் அவனை ஏணி என்று கூப்பிடுவார்கள். உயரமும் அப்படி, வேலையும் அப்படி. கைபேசியில் நான்கு கம்பி தெரிந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள் என்பது ஏணியின் பழைய குறை. அந்த நான்கு கம்பி, கைபேசிக்கும் கோபுரத்துக்கும் நடுவில் உள்ள சங்கதி மட்டும்தான். கோபுரம் கேட்டு வாங்கிய பேச்சை அப்புறம் யாரிடமாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாமா? பூமிக்கடியில் ஓடும் கம்பி வலைக்குள் அது இறங்கியாக வேண்டும். கோபுரத்தின் முதுகுப்புறமாகப் போகும் அந்த வழிக்கு பேக்ஹால் என்று பெயர். நகரத்துக் கோபுரங்களுக்கு அடியிலேயே ஃபைபர் கேபிள் வந்து நிற்கும். இந்த மலைக் கோபுரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தோண்டிப் போட்ட கேபிள் மலைப்பாதையின் ஒரே வளைவில் மூன்று முறை அறுந்தது. மூன்றாவது முறை ஒட்டுவதற்குப் பதிலாக, மேளம் போன்ற இந்த வெள்ளை டிஷ்ஷை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பதினோரு கிலோமீட்டர் தள்ளி, கீழே நகரத்தில், தொலைபேசி நிலையத்து மொட்டைமாடியில் இதற்கு ஜோடி டிஷ் ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கிருந்து கிளம்பும் அலை, டார்ச் வெளிச்சம் மாதிரி ஒடுங்கிய கற்றை. அவ்வளவு தூரம் போன பிறகும் இருநூறு மீட்டர் அகலம்கூட விரியாது. டிஷ் அரை டிகிரி முகம் திருப்பினால் போதும், பேச்சில் பாதி வானத்துக்குப் போய்விடும். அப்போதும் கைபேசியில் நான்கு கம்பி பளிச்சென்று தெரியும். அந்தப் பக்கம் யாரும் எடுக்க மாட்டார்கள்.

கோபுரத்துக்குக் கீழே, சரிவில், நாற்பத்தோரு வீடுகள். அதில் ஒன்று அவன் அக்காவுடையது.

காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் கண்ட்ரோல் ரூம் மேடம் காத்திருந்தாள். நகரத்தில் ஒரு குளிரூட்டிய அறையில் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள். நான்கு வருடமாகப் பேசுகிறார்கள், நேரில் பார்த்ததில்லை.

"என்னப்பா ஏணி, தூங்கிட்டியா? சிக்னல் லெவல் மைனஸ் நாப்பத்திரண்டுலயே நிக்குது. முப்பத்தெட்டுக்கு வரணும்."

"திருப்பறேன் மேடம்."

ஏற்ற இறக்கத் திருகை ஒரு சுற்று விட்டான். இன்னொரு சுற்று.

"நாப்பது... முப்பத்தொம்போது... நிறுத்து, நிறுத்து. முப்பத்தெட்டு. உன் கையில என்னப்பா வச்சிருக்க, மந்திரமா?"

"கோடு உடையல மேடம்."

"எந்தக் கோடு?"

சொன்னான். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் நிற்கவில்லை.

"அப்ப இங்க இருக்கற டிஷ் திரும்பியிருக்கும்."

"அங்க ஒரே குழாயில நாலு டிஷ் இருக்கே. மத்த மூணும் எப்படி?"

"மூணும் ஜம்முனு இருக்கு. காத்து கீத்து அடிச்சிருக்கும்பா, விடு. லெவல் வந்துருச்சுல்ல? புகார் டிக்கெட்ட மூடிடவா?"

"மூடுங்க."

இறங்கி, கருவி அறைக்குள் தொங்கும் குறிப்பேட்டில் எழுதினான்: டிஷ் தாழ்த்தப்பட்டது, இரண்டு சுற்று. எழுதி முடித்த பிறகுதான் மேலே இருந்த வரிகளைப் பார்த்தான். ஒன்பது நாளைக்கு முன்: தாழ்த்தப்பட்டது, இரண்டு சுற்று. அதற்கு மூன்று வாரம் முன்: தாழ்த்தப்பட்டது, இரண்டு சுற்று. அதற்கு ஐந்து வாரம் முன் டிஷ்ஷைப் புதிதாக மாட்டியிருந்தார்கள். மூன்று வரியும் அவன் கையெழுத்துதான். ஒவ்வொன்றையும் தனித்தனி வியாதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருந்தான். காற்று என்றால் ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது என்று தள்ளியிருக்கும். இது ஒவ்வொரு தடவையும் தலையை மட்டும் தூக்கிக்கொண்டே போகிறது. அதுவும் ஐந்து வாரம், மூன்று வாரம், ஒன்பது நாள் என்று அவசரம் கூடிக்கொண்டே.

கோபுரமே சாய்கிறதா? மலை நழுவுகிறதா? நின்று யோசித்தான். மலை பள்ளத்தை நோக்கிச் சரிந்தால் கோபுரமும் பள்ளத்தைப் பார்த்துக் குனிய வேண்டும், டிஷ் தரையைப் பார்க்க வேண்டும். இது வானத்தை அல்லவா பார்க்கிறது? சாய்வதென்றால் மலைமேட்டின் பக்கம், பின்பக்கமாக அல்லவா சாய்ந்திருக்க வேண்டும்? கீழே சரிகிறவன் எங்கேயாவது பின்பக்கம் மல்லாந்து பார்ப்பானா? அப்படியானால் மலை இல்லை. மழை நின்று மூன்று நாள் ஆகிவிட்டது, பனிதான் மிச்சம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு அறையைப் பூட்டினான்.

அக்கா வீட்டுக்கு இருநூறு படி இறக்கம். வாசலிலேயே நின்றாள்.

"வாடா, ஊருக்கெல்லாம் சிக்னல் குடுக்கறவனே. என் வீட்டுக் கதவ மட்டும் உனக்குச் சாத்த வைக்கத் தெரியல."

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். ராத்திரி நாற்காலிய முட்டுக் குடுத்துட்டுப் படுக்கறோம்."

கதவின் மேல்மூலை நிலையில் இடித்தது. மழைக்காலத்தில் மரம் ஊதும் என்று சொல்லி இதே மூலையை அவன் இரண்டு முறை இழைத்துக் கொடுத்திருந்தான். அத்தானின் மரப்பெட்டியிலிருந்து இழைப்புளியை எடுத்தான். இரண்டு இழுப்பு இழுத்ததும் சுருள் சுருளாக மரம் விழுந்தது. ஈரமே இல்லை. மொரமொரவென்று காய்ந்திருந்தது. மூன்று நாள் பனியில் நின்ற மரம் ஊதவில்லை என்றால், இடிப்பது எது? நிலையின் மேல்கட்டையைப் பார்த்தான். கதவு நேராகத்தான் இருந்தது. நிலைதான் சாய்சதுரமாகப் போயிருந்தது.

உள்ளே அத்தான் பிளாஸ்டிக் நாற்காலியில் தொலைக்காட்சி பார்த்தபடி கண்ணயர்ந்திருந்தார். லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு போனவர். நேராக உட்காரவே முடியாது. உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்குவார்.

"பாரு உங்க அத்தான. இன்னும் கொஞ்ச நேரத்துல தரையில இருப்பாரு. எந்திரிங்க! நிமிந்து உக்காருங்க!"

"நான் நிமிந்துதான் இருக்கேன்டி. இந்த வீடுதான் கோணல்," என்றார் கண்ணைத் திறக்காமல்.

அக்கா சிரித்தாள். ஏணி சிரிக்கவில்லை. கையில் இழைப்புளியோடு அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் இடுப்பு நாற்காலியின் விளிம்பை நோக்கி நகர்ந்திருந்தது. கால்கள் முன்னால் நீண்டிருந்தன. தலை? தலை முன்னால் வரவில்லை. முதுகோடு சேர்ந்து பின்பக்கமாகப் படுத்து, முகம் விட்டத்தைப் பார்த்திருந்தது. உட்கார்ந்தபடி சறுக்குகிறவன் குனிவதில்லை. அடிப்பாகம் முன்னால் போகப் போக உச்சி பின்னால் சாய்கிறது. மலையும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. கோபுரம் அதன் நெற்றியில் நிற்கிறது. வீடுகள் அதன் மடியில் இருக்கின்றன.

இழைப்புளியை வைத்துவிட்டு, கொடிக்கயிற்றையும் ஒரு வாளித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு படியேறினான். "டேய், சாப்பிட்டுப் போடா" என்ற குரல் பின்னால் கேட்டது.

இருபது மீட்டர் உயரத்தில், கோபுரத்தின் உள்ளே நட்டநடுவில் கயிற்றைக் கட்டி, நுனியில் கனமான ஸ்பேனரைத் தொங்கவிட்டான். காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்தது. ஆடுகிற குண்டை வைத்து எதையும் அளக்க முடியாது. அதனால் கீழே இறங்கி, ஸ்பேனர் தண்ணீருக்குள் முங்கும்படி வாளியை வைத்தான். தண்ணீர் ஆட்டத்தைப் பிடித்து நிறுத்திவிடும். ஒரு நிமிடத்தில் ஸ்பேனர் வாளியின் நடுவே அசையாமல் நின்றது. கீழே அடித்தளத்தின் மையத்தில், கட்டியபோது பதித்த பித்தளைப் பொட்டு இருந்தது. ஸ்பேனர் அதன் மேல் நிற்க வேண்டும். இரண்டு அடி தள்ளி, மலைமேட்டின் பக்கமாக நின்றது. ஆறு சுற்றுக் கணக்கும் இரண்டு அடியும் அச்சாகப் பொருந்தின. பனிக்குள் நிமிர்ந்து நிற்பதற்கு வேறு ஒன்றும் பக்கத்தில் இல்லாததால், இவ்வளவு சாய்வு யார் கண்ணிலும் படவில்லை.

மேடத்தைக் கூப்பிட்டான்.

"அந்த டிக்கெட்டத் திறங்க மேடம்."

"ஏன்? முப்பத்தெட்டு புள்ளி மூணு. நல்லாத்தானே இருக்கு?"

"காலையில முப்பத்தெட்டுதானே வச்சேன்?"

தட்டும் சத்தம் நின்றது.

"ஆமா."

"டிஷ் திரும்பலங்க. கோபுரம் நிக்கிற நிலமே திரும்புது. நான் ஒவ்வொரு தடவையும் டிஷ்ஷ நேராக்கி, உங்க திரையில லெவலயும் நேராக்கிட்டேன். சரி பண்ணிச் சரி பண்ணியே மலைய மறைச்சிட்டேன்."

அவள் குரல் தாழ்ந்து வந்தது. "மேனேஜர்கிட்ட சொன்னா அறிக்கை எழுதி அனுப்புன்னுவாருப்பா."

"எழுதறேன். முதல்ல தீயணைப்பு நிலையத்துக்கு போன் போடுங்க. இன்னொண்ணு. இங்க ஃபைபர் மூணு தடவ அறுந்துச்சே, அந்தப் பழைய குறிப்ப எடுத்துப் படிங்க."

படித்தாள். வளைவுக்குப் பத்து மீட்டர் இந்தப் பக்கம். மூன்று முறையும் அதே இடம். தோண்டியவர்கள் மேல் பழி. ஒட்டியவர் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்: வெட்டுப்பட்ட முனை இல்லை, இழுபட்டு நீண்டு அறுந்த முனை.

வளைவுக்கு அந்தப் பக்கம் கேபிள் ஒருமுறைகூட அறுந்ததில்லை. அங்கே பாறை. இழுப்பு தொடங்கும் இடம் அந்த வளைவு. ஓடுகிற நிலத்துக்கும் நிற்கிற நிலத்துக்கும் நடுவில் கேபிள் தானாகவே ஒரு கோடு போட்டுக் காட்டியிருந்தது. ஒருவரும் அதைக் கோடாகப் பார்க்கவில்லை.

அவன் இறங்கிப் போய்ச் சொன்னதைக் கேட்டதும் அக்கா முதலில் எரிந்து விழுந்தாள். "பதினெட்டு வருஷமா இருக்கேன்டா இங்க. ஒரு கயிறையும் வாளியையும் வச்சுக்கிட்டு வீட்ட விட்டுப் போங்கற?"

"அக்கா, இந்தக் கதவ மூணு தடவ இழைச்சிட்டேன். கதவு மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் தரையில் கிடந்த மரச்சுருள்களைப் பார்த்தாள். குனிந்து ஒன்றை எடுத்து விரலில் நொறுக்கினாள். அது தூளானது. உள்ளே போய் அத்தானை எழுப்பி, செருப்பை அவர் காலடியில் போட்டாள். பிறகு பக்கத்து வீட்டு வாசலில் நின்று, அவன் இதுவரை கேட்டிராத ஒரு குரலில் கத்தினாள்.

பிற்பகல் முழுக்க ஜனங்கள் வளைவை நோக்கி நடந்தார்கள். சிலர் திட்டினார்கள், சிலர் அலமாரியைத் தூக்கிவரத் திரும்பினார்கள். தீயணைப்பு வண்டி மலையடிவாரத்திலிருந்து ஏறிக்கொண்டிருப்பதாக மேடம் சொன்னாள். அக்கா வளைவில், பாறை மேல் நின்று, கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு உயர்த்திப் பிடித்திருந்தாள். அதிலிருந்து மேடத்தின் குரல் பத்து நிமிடத்துக்கு ஒரு எண்ணை வாசித்தது.

"முப்பத்தெட்டு புள்ளி எட்டு."

ஏணி கடைசியாக ஒருமுறை கோபுரத்தடிக்குப் போனான். வீடுகளின் கதவுகள் திறந்து கிடந்தன. முதலில் வாளியின் நடுவில் நின்ற ஸ்பேனர் இப்போது அதன் உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரில் சின்ன நடுக்கம். மேலே டிஷ் பனிக்குள் மறைந்திருந்தது. திருகைத் திருப்பும் ஸ்பேனர் அவன் பையில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிஷ்ஷை இனி நேராக்கக் கூடாது. அது பிசகப் பிசக நகரத்தில் எண் விழும், அந்த எண்தான் மலையின் வேகம். நாற்பதைத் தொடுவதற்குள் வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கக் கூடாது.

"முப்பத்தொம்போது," என்றது கீழே அக்காவின் கையிலிருந்து அந்தக் குரல். அவன் வாளியை அங்கேயே விட்டுவிட்டு வளைவை நோக்கி நடந்தான்.