முப்பத்தெட்டு லட்சத்துச் சொச்சம்

ஃப்ரிட்ஜ் கதவில் அவர் மார்க்கரால் எழுதிவிட்டுப் போன எண் 3899127. அன்று மதியமே, லிஃப்ட் பழுதுபார்க்கப் போன கட்டடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெண்டாட்டிக்குள் இதுதான் விளையாட்டு. காலையில் அவர் ஒரு எண்ணை எழுதுவார். சாயங்காலத்துக்குள் அவள் அதை மீதி வராமல் வகுத்து உடைக்க வேண்டும். உடைத்தால் ராத்திரிப் பாத்திரம் அவர் கழுவுவார், இல்லாவிட்டால் அவள். கால்குலேட்டர் கூடாது. உடையவே உடையாத பகா எண்ணைக் கொடுப்பது போங்காட்டம். "நூறுக்குக் கீழ உள்ளதால உடையற எண்ணெல்லாம் பச்சப்புள்ளைக்கு" என்று மீசையைத் தடவிக்கொள்வார். அந்த வீறாப்புக்குக் குறைச்சலில்லை.

அதனால் அவள் நூற்றொன்றிலிருந்து ஆரம்பித்து, பகா எண்களால் மட்டும் வரிசையாக வகுத்துக்கொண்டு போனாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எட்டு வகுத்தல். அழுகை வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி அவர் சட்டையை எடுத்து முகர்ந்தும் பார்த்தாள். ஒன்றுமில்லை. திரும்பப் போய் வகுத்தாள். உடைந்தால் அவர் கடைசியாகக் கேட்டதற்குப் பதில் சொன்னதாகும். அது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

முப்பத்துநாலு நாள் எட்டெட்டாகப் போனது. முப்பத்தைந்தாம் நாள் ஒன்றே ஒன்று பாக்கி: 1973. அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டிவிடும். வகுத்தாள். மீதி 479.

பென்சிலைக் கீழே வைத்தாள். ஒன்று, தான் எங்கோ தப்பாக வகுத்திருக்க வேண்டும். இல்லை, மனுஷன் கடைசி ஆட்டத்தில் போங்கடித்துவிட்டார். இரண்டில் எது மோசம் என்றுகூடத் தெரியவில்லை.

துணைக்கு வந்து தங்கியிருந்த அண்ணி, அவருடைய அக்கா, காப்பி டம்ளரை நீட்டினாள். "இன்னுமா அந்தக் கணக்கு?"

"உடையல அண்ணி."

"உடையலையா? அவன் எழுதறப்ப நான் இங்கதானே நின்னேன், டிபன் பாக்ஸைத் திருப்பிக் குடுக்க வந்து. 'மூணு நாளா அவளே பாத்திரம் கழுவுறாக்கா, பாவம். இன்னிக்குப் பொசுக்குனு உடையற மாதிரி ஒண்ணு போட்டிருக்கேன்'னானே. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அவள் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள். மூன்றும் எட்டும் பதினொன்று. ஒன்பது இருபது. ஒன்பது இருபத்தொன்பது. ஒன்று, இரண்டு, ஏழு. முப்பத்தொன்பது. இலக்கங்களைக் கூட்டினால் மூன்றால் வகுபடும். ஆகவே எண்ணும் வகுபடும். பள்ளிக்கூடத்துப் பாடம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து நாள் நெய்க்கு அலைந்திருக்கிறாள்.

பென்சிலை எடுத்து அவர் எண்ணுக்குக் கீழே எழுதினாள்: மூன்று பெருக்கல் 1299709. வழவழப்பான கதவில் பென்சில் சரியாகப் பதியவில்லை. இரண்டு தரம் அழுத்தி எழுதினாள்.

பின்னால் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சாப்பிட்ட தட்டுகளை அண்ணி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தொடாதீங்க அண்ணி," என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. "இன்னிக்கு அவர் முறை."