லாரித் தண்ணீர் போன பாதை

சடையங்குப்பத்துக்குப் புது ரோடு வருகிறது என்றதும் முதலில் குதித்தவள் மெர்லின்தான். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளுக்காகப் போடுகிற ரோடு. இருந்தால் என்ன, பஸ் வரும், ஆட்டோக்காரன் முகம் சுளிக்காமல் உள்ளே வருவான்.

அந்தச் சந்தோஷமெல்லாம் ரோடு நாலடி உயரம் என்று தெரிகிற வரைக்கும்தான். மழைத்தண்ணீர் ரோட்டுக்கு அடியில் புகுந்து வெளியே போக, தெருவின் வடக்கு மூலையில் ஒரு சிறுபாலம் கட்டுவார்களாம். ஒரு காலத்தில் அது பள்ளம். ரோட்டுக்கு அளந்து படம் போட்ட பிறகு யார் யாரோ மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். தண்ணீர் அங்கே ஏறுமா? மெர்லின் வீட்டுக்குள்தான் வரும். போன மழைக்கே கட்டில்மேல் கட்டில் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவள் அவள். திங்கட்கிழமை பாலத்துக்குக் கான்கிரீட் போடப்போகிறார்கள்.

சனிக்கிழமை காலை என்ஜினீயர் மதி வந்ததும் மெர்லின் மறித்துக்கொண்டாள்.

"ரோடு வோணாம்னு சொல்லல மேடம். பாலத்த எடம் மாத்துங்க."

"படத்துல வடக்குதாம்மா தாழ்வு."

டீக்கடை பஷீர் பாய் கரண்டியோடு ஓடி வந்தார். "இன்னா மேடம், வெயில்ல வந்து படம் போட்டுகினு போனா ஆச்சா? மழைல ஒரு தபா வந்து பாத்தீங்களா?"

மதிக்குக் கோபம் வரவில்லை. "இப்ப மழைக்கு நான் எங்க போறது பாய்?" என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் குடிதண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நுழைந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிற லாரி. மெர்லின் லாரியைப் பார்த்தாள், வரிசையில் நின்ற குடங்களைப் பார்த்தாள்.

"வூட்டுக்கு ரெண்டு கொடம் புடிச்சிக்கலாம். மிச்சத்த தெருவுல தொறந்து வுட்டுடலாம்."

"லூசாடி நீ?" என்றாள் எதிர்வீட்டு உமைமா. பிறகு அவளே யோசித்து, "சரி வுடு. ரெண்டு நாளு குளிக்காட்டி இன்னா? உன் வூட்டுக்காரரு எப்பவும் அப்டித்தான கீறாரு?"

தெருவே சிரித்தது. குடங்கள் நிறைந்ததும் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு வால்வைத் திறந்தார்.

தண்ணீர் வடக்குப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெற்கே பாய்ந்தது. பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்கள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மதியும் ஓடினாள். மெர்லின் வாசலை நனைத்து, வளைந்து, தெருமுனையில் போய்க் குளம்போல் நின்றது. நின்ற இடம் பஷீர் பாயின் கடை.

பாலம் இங்கே வந்தால் கடை இருக்காது.

மதி வீடியோ எடுத்துத் தன் மேலதிகாரிக்கு அனுப்பினாள், போனில் நெடுநேரம் வாதாடினாள். பிறகு சாக்பீஸால் கடைக்கு முன்னால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இங்கதான் பாலம்" என்றாள், பாய் முகத்தைப் பார்க்காமல்.

மெர்லினுக்கும் பார்க்க முடியவில்லை.

"இன்னா எல்லாரும் மூஞ்சத் தொங்கப் போட்டுகினு?" என்றார் பாய். "பொட்டிக்கடதான? ஆளுக்கொரு பக்கம் புடிங்க. எங்க வெக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க."

"என் வூட்டு வாசல்ல வெய்யி பாய்," என்றாள் மெர்லின். "இனிமே அங்க தண்ணி நிக்காது."

பத்துப் பேர் சேர்ந்து தூக்கினார்கள். பால் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை உமைமா தனியாக ஏந்தி வந்தாள். ஒரு மூலையைப் பிடித்திருந்த மதியிடம், நடந்துகொண்டே, டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார் பாய்.