கம்பிக்கதவில் வருகைப்பதிவு

வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று உத்தரவு வந்தபோது, இந்தோனேசியாவில் சோலோ நகரத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன அரசு அலுவலகத்தில் எல்லோருக்கும் கொண்டாட்டம். லஸ்மினி மட்டும் அதில் சேரவில்லை. காலை ஏழரைக்குக் கைபேசியில் முகம் காட்டி வருகை பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள வீட்டு வாசலில் நின்றால்தான் அது ஏற்கும். அட்டையில் இருந்ததோ அவள் வேண்டாமென்று விட்டு வந்த கணவன் வீடு. விவாகரத்து தீர்ப்பாகாமல் முகவரியை மாற்ற வழியில்லை.

முதல் வாரம் அந்தக் கம்பிக்கதவுக்கு வெளியே பிச்சைக்காரி மாதிரி நின்றபோது அவளுக்கு உடம்பே கூசியது. கணவன் ஹர்தோனோவும் அரசு ஊழியன்தான், உத்தரவை மதித்தான். "ஆபீஸ் வேலைன்னா வந்து நில்லு. வேற எதுக்கும் வராதே" என்றான். தீர்ப்பு வரும்வரை மகளைக் காட்டுவதில்லை என்பது அவன் வீம்பு.

இரண்டாம் வாரம் மகள் கிரானா பள்ளிச் சீருடையில், கலைந்த தலையோடு ஓடிவந்தாள். லஸ்மினி கம்பிகளுக்கிடையில் கையைவிட்டு அவள் தலையைப் பின்னிவிட்டாள். வருகை பதிவாகும்வரை ஹர்தோனோவும் தடுக்கவில்லை. அதிலிருந்து வெள்ளிதோறும் இதே கதைதான். நெட் மெதுவாக இருக்க வேண்டுமென்று கடவுளை வேண்டிக்கொண்ட ஒரே அரசு ஊழியர் அவளாகத்தான் இருக்கும். ஏழு நிமிடம் கிடைத்தால் இரட்டைப் பின்னல் போடுவாள்.

எட்டு மாதம் கழித்துப் புது உத்தரவு வந்தது: இனி எங்கிருந்தும் வருகை பதியலாம். அலுவலகமே வாழைக்காய் பஜ்ஜி வாங்கித் தின்று மகிழ்ந்தது. லஸ்மினி மேலாளர் வினார்னோவிடம் போய், தனக்குப் பழைய இடமே இருக்கட்டும் என்று கேட்டாள். அவிழ்த்துவிட்ட மாடு மறுபடி கட்டச் சொல்லுமா என்று அவர் சிரித்தார். காரணத்தைச் சொன்னால் அழுதுவிடுவோமென்று பயந்து அவள் தன் மேசைக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை கால்கள் அங்கேதான் போயின. கதவருகே ஹர்தோனோ நின்றான். அவனுக்குப் பின்னால் சீப்பும் கையுமாகக் கிரானா.

"உத்தரவ நானும் படிச்சேன். இனிமே எங்க நின்னு வேணா போடலாமே. இங்க என்ன வேலை உனக்கு?"

"வருகைய நான் தங்கியிருக்கற ரூம்லயே போட்டுட்டேன்."

"அப்புறம்?"

இத்தனை மாதம் பிடித்து நின்ற கைபேசி இப்போது கையில் இல்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"ஆபீஸ் வேலையா வரல. என் பொண்ணுக்குத் தலை பின்ன வந்திருக்கேன்."

ஹர்தோனோ நகரவில்லை. கிரானாதான் அவனைச் சுற்றி வந்து தாழ்ப்பாளைத் திறந்தாள்.