ஃபர்னஸ் காயம்

மோசஸின் இடது மணிக்கட்டுக்கு மேலே அந்தப் புண் மறுபடியும் பொருக்குத் தட்டியிருந்தது. அவன் மனைவி விக்டோரியா மருந்து டியூபை மேசைமேல் வீசியெறிந்தாள்.

"இன்னாங்க, என்னைப் பார்த்தா கேணச்சி மாதிரி இருக்கா? ஃபர்னஸாண்ட போகாம இந்தக் காயம் எங்கேர்ந்து வரும்?"

"மில்லு கேட்டத் தாண்டி உள்ள போகலடி. பைபிளத் தொட்டுச் சொல்லட்டா?"

"பைபிள இதுல இழுக்காதீங்க!"

கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லுக்குப் போகிற ஆண்கள் நிறைந்த தெரு அது. அங்கே கையில் புண் என்றால் உலைப் பொறி பட்டது என்றுதான் அர்த்தம். பற்பசையை அப்பிக்கொண்டு மறுநாள் ஷிஃப்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் மோசஸ் சங்கதி வேறு. எலும்பு மஜ்ஜை கண்டபடி ரத்தத்தைப் பெருக்கிவிடுகிற வியாதி அவனுக்கு; தினமும் மாத்திரை. உலைச் சூடு ஆகாது என்று சென்னை டாக்டர் கறாராகச் சொன்னதால்தான் போன வருஷம் கேட் வேலைக்கு மாறினான்.

"இந்த மாத்திரையால தோல்ல புத்துக் கட்டி வரலாம்மா. காரணமில்லாம ஒரு புண்ணு வந்து ஆறலன்னா உடனே கூட்டிக்கினு வா" என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். விக்டோரியா அதை மறக்கவில்லை. இதற்குத்தான் காரணம் இருக்கிறதே! ஓவர்டைம் ஆசையில் திருட்டுத்தனமாக உலைக்குப் போகிறார் மனுஷர்.

மறுநாள் ஆரம்பாக்கத்தில் ரயிலேறி மில்லுக்குப் போனாள். கையும் களவுமாகப் பிடித்து நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட வேண்டும் என்ற ஆத்திரம். மில் கேட்டில் மோசஸ் இல்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலையில் வேலை செய்யும் ஜெயராஜ் டீக்கடையிலிருந்து ஓடிவந்தான்.

"இன்னா அண்ணி, இவ்ளோ தூரம்?"

"உங்க அண்ணன் ஃபர்னஸாண்டதான இருக்காரு? மறைக்காத."

"ஃபர்னஸா? லாரி எடை போட அந்தாண்ட போயிருக்காரு. அண்ணன் உள்ள வந்தே ஒரு வருசம் ஆவுது. வந்தாலும் நாங்க வுட்டுடுவோமா?" என்று சிரித்தான்.

விக்டோரியாவுக்கு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியானால் பொறியே படவில்லை. மாசக்கணக்காகத் தீக்காய மருந்தைத் தடவித் தடவி எதை வளர்த்துக்கொண்டிருந்தாள் அவள்?

மோசஸ் வந்தான். ஜெயித்துவிட்ட முகம். "பாத்தியா? இப்பவாவது நம்புறியா?"

அவள் அவன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, புண்ணைச் சுற்றித் தடித்திருந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. கேட் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதாள்.

"நீங்க சொன்னது பொய்யா இருந்திருக்கக் கூடாதாங்க?" என்றாள். "வாங்க, மெட்ராஸ் வண்டி வர்ற நேரம்."