இம்மானுவேலின் குடுமி

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதைக்கு உத்வேகம் கித்வேகம் ஒன்றும் கிடையாது. கவரைப்பேட்டை ஸ்டேஷன் எதிரே ஒரு கட்சிக்காரரின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ். அந்த உடம்புக்கு என் மனசு சும்மா இருக்காமல் சுமோ கோவணம் கட்டிப் பார்த்தது.

முதல் வரி: "சூரியன் உதிக்கும் நாட்டில்..." வேண்டாம், கட்சிக் கதையாகிவிடும்.

2
ஆக, இம்மானுவேல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டயர் கம்பெனி கான்ட்ராக்ட் லேபர். லாரி டயரை ஒற்றை ஆளாகத் தூக்கியதைப் பார்த்த ஜப்பான் மேனேஜர், அவனை ஜப்பானுக்குக் கூட்டிப்போய் சுமோ மல்யுத்தத்தில் சேர்த்துவிட்டார். (நம்ப முடியவில்லையா? கம்பெனி அவனை பர்மனென்ட் ஆக்கியது என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பீர்களா?) சுமோ வழக்கப்படி குடுமி வளர்த்தான், சண்டைக்கு முன் மேடையில் உப்பை இறைத்தான், மண்ணில் உருண்டான், வெளிநாட்டுக்காரன் என்று ஏச்சு வாங்கினான், சாம்பியன் ஆனான்.

ஊரில் ஃப்ளெக்ஸ் வைத்தவர் நிலக்காரர் துளசிராமன். அவர் வகையறா கோயில் வாசலைத் தாண்டவிடாததால்தான் இம்மானுவேல் குடும்பம் சர்ச்சுக்குப் போனது. இப்போது சொல்கிறார்: "குடுமியப் பாரு நைனா, எங்க தாத்தா வெச்சிக்கினு இருந்தாரே, அதே மாரி. நம்ம ஊட்டுப் புள்ள."

3
இப்போது முட்டி போய்விட்டது, ஓய்வு. ஓய்வுபெறும் வீரனை மேடை நடுவில் உட்காரவைத்து, வேண்டியவர்கள் ஒவ்வொருவராக ஏறிக் குடுமியில் ஒரு வெட்டு வெட்டுவது அங்கே வழக்கம். ஊர்ப் பெரியவர் என்று துளசிராமனுக்கு அழைப்பு உண்டு. அம்மா ஞானம்மாவுக்கும் உண்டு, ஆனால் பெண்கள் மேடையில் கால் வைக்கக் கூடாது.

'ஞானம்மாவின் கண்கள் குளமா...' என்று எழுதும்போதே குறுக்கே வந்துவிட்டாள்.

"இன்னா சார் எழுதிக்கினு கீற? நான் இன்னாத்துக்கு அழணும்? பெத்தவ நானு. அந்தாளு ஏறி வெட்டுவாரு, நான் கீய குந்திக்கினு வேடிக்கை பாக்கணுமா? அங்கயும் கோடு கிழிச்சி வெச்சிக்கினானுங்களா?"

"அது மரபும்மா."

"துளசிராமனும் அதான் சொல்றாரு."

எனக்கு வெட்கமாகிவிட்டது.

4
முடிவு ஒன்று: இம்மானுவேல் இறங்கிவந்து அம்மா முன் மண்டியிடுகிறான். (பத்திரிகை ஆசிரியர் கேட்டது. முட்டி போனவன் எப்படி மண்டியிடுவான் என்று அவர் கேட்கவில்லை.)

முடிவு இரண்டு: ஞானம்மா ஏறிவிடுகிறாள். (எனக்குப் பிடித்தது. ஆனால் அவன் அங்கேயே பயிற்சியாளனாக இருந்தாக வேண்டும், அந்த வேலை போய்விடும். அது அவளுக்கும் தெரியும்.)

5
துளசிராமன் வெட்டிவிட்டு, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு இறங்குகிறார். இம்மானுவேல் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் அம்மா தெரிவாள். மேடை ஓரத்தில் ஞானம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள்.

நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏற்றுவதோ தடுப்பதோ உங்கள் பாடு. அவளை உட்காரச் சொல்வதாக இருந்தால் மட்டும், நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். என்னால் ஆகாது.