மூன்று வயதுக்கு மூன்று அடி

குமரி மாவட்டத்துப் புதுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ சபைக் கோயில். அங்கே மணி அடிக்கிறவர் ஞானசிங். கொண்டாட்டம் என்றால் மணி விடாமல் ஒலிக்கும். சாவு என்றால் ஒவ்வோர் அடியாக விழும், இறந்தவரின் வயது எத்தனையோ அத்தனை. ஊரே எண்ணும். போன மாதம் அவர் இருபத்தாறு அடித்தார். வடக்கே ஏ.சி. மெக்கானிக் வேலைக்குப் போன மகன் ஜெபிஷ், சந்தையில் தீவிரவாதிகள் வைத்த குண்டில் செத்துப்போயிருந்தான். அன்றைக்குக்கூடக் கயிற்றை இன்னொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இன்று விடியும்போது செய்தி வந்தது. ராணுவம் எல்லை தாண்டி அந்தக் கூட்டத்தின் முகாமை அடித்துவிட்டதாம். ஞானசிங் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, கேட்டீரே" என்றார். எழுந்தபோது டிவியில் முகாமை ஒட்டிய ஒரு வீடு தெரிந்தது. ஒரு சுவர்தான் மிச்சம். உள்ளே இரண்டு பிள்ளைகள் இறந்திருந்தன. ஒன்றுக்கு மூன்று வயது, மற்றதுக்கு ஏழு.

மனைவி செல்லபாய் டிவியை அணைத்தாள். "மூணு வயசுல நம்ம ஜெபிஷுக்குப் பேச்சே திருந்தல" என்றாள்.

கோயில் வாசலில் ஸ்டெனி சரவெடியோடு நின்றான். வாலிபர் சங்கச் செயலாளர், ஜெபிஷின் கூட்டாளி, அவன் சவப்பெட்டியைச் சுமந்தவன்.

"மாமா, கிறிஸ்மஸுக்கு அடிப்பியளே, அதுபோல அடிங்க. ஜெபிஷ் கேக்கட்டும்."

ஞானசிங் அவன் தோளைத் தட்டிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இரண்டு. மூன்று. கயிற்றை இழுத்து நிறுத்தினார்.

"என்ன மாமா, சாவு மணியா?"

அவர் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு எலிசா ஓடி வந்தாள். தலையில் முக்காடு, கையில் பிளாஸ்க். சாவு வீட்டுக்கு முதலில் பாலில்லாத கட்டன்சாயா கொண்டுபோகிறவள் அவள்தான்.

"மூணுதான் கேட்டேன். எந்த வீட்டுக் கொச்சுப்பிள்ள, அண்ணே?"

"நம்ம ஊர்ல இல்ல எலிசா. எல்லைக்கு அந்தப் பக்கம். முகாமுக்கு அடுத்த வீடு."

ஸ்டெனி முன்னால் வந்தான். "ஜெபிஷைக் கொன்னவனுவ ஊருக்கா நம்ம கோயில் மணி?"

"கொன்னவனுக்கு நான் அடிக்கல மக்கா. அவனுவள அடிச்சது சரியாண்ணு கேட்டா, எனக்க நெஞ்சு சரிண்ணுதான் சொல்லுது. அதுக்கு ஆண்டவர்கிட்ட நான் தனியா பதில் சொல்லிக்கிடுதேன். இந்தக் கொச்சு என்ன செய்தது? ஜெபிஷ் தக்காளி வாங்கப் போனான். அது வீட்ல உறங்கிச்சு."

"கமிட்டியில சொல்லுவேன். கயிற ஒங்க கையிலேருந்து வாங்கிருவாவ."

"வாங்கட்டும்லே. இண்ணைக்கு எனக்க கையிலதான் இருக்கு."

ஸ்டெனி சரவெடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மதிலோரம் போய் நின்றான். கொளுத்தவும் இல்லை, வீட்டுக்குப் போகவும் இல்லை.

சாயாவை யாருக்குக் கொடுப்பது என்று எலிசாவுக்குத் தெரியவில்லை. பிறகு மூடியில் ஊற்றி ஞானசிங்கிடமே நீட்டினாள்.

"குடியுங்க. இன்னும் உண்டா?"

"ஏழு."

நின்றபடியே குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் கயிற்றைப் பிடித்தார். நாலாவது அடியில் தோள் வலித்தது. அவர் எண்ணிக்கையை விடவில்லை.