முதல் வரியில் யார் துணை?

எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். உச்சியில் எந்தச் சாமியின் துணை என்று போடுவது என, பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் அதிகாரி முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ் இல்லாத பத்திரிகையில் மை ஒட்டாது.

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டாவது மாடி கிடையாது. காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து ஏறினோம்.

நான்கு மணிக்குள் வாங்கியாக வேண்டும். தவறினால் என் மகள் மேகலாவின் முகூர்த்தம் அடுத்த டோக்கன் பெண்ணுக்குப் போய்விடும். மாப்பிள்ளையும் சேர்த்து. அதுதான் விதி.

மேகலா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் சம்பந்தி ஆழ்வாரப்பனும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தோம். நடுவில் அதிகாரி. பெயர்ப்பலகையில் 'பரிபூரணம்' என்றிருந்தது.

அந்த அம்மாள் ஆளுக்கொரு படிவம் தந்தார். 'சாமியைப் பற்றி' என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரிக்கு இடம். 'எதிராளியைப் பற்றி' என்ற தலைப்பின் கீழ் பதினோரு பக்கம்.

"எதுக்கும்மா இத்தனை பக்கம்?" என்று கேட்டேன்.

"சாமியை இங்க வரவழைச்சு சரிபார்க்க முடியாது சார். சம்பந்தி எதிர்லயே இருக்காரு."

நியாயமாகத்தான் பட்டது.

"எங்க குலசாமி சாஸ்தா. ஊர் எல்லையைக் காக்குதவரு" என்று ஆரம்பித்தேன்.

"ஆதாரம்?"

மேலே கையைக் காட்டினேன். அதிகாரி அண்ணாந்து பார்த்தார். "ஒட்டடைதான் இருக்கு" என்று அந்த வரியை அடித்தார்.

ஆழ்வாரப்பன் நிமிர்ந்தார். "எங்க பெருமாள் மூணு உலகத்தையும் அளந்தவரு."

"அளந்த டேப் கொண்டாந்தீங்களா?"

"இல்லை."

அதையும் அடித்தார். ஆழ்வாரப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. அதிகாரியைத் திட்ட முடியாது. என்னைப் பார்த்தார்.

"இந்த ஆளு பேச்சை நம்பாதீங்கம்மா. இவரு ஒரு எருமைமாடு."

அதிகாரி முதல் முறையாக ஆர்வத்தோடு நிமிர்ந்தார். என் தலையில் இரண்டு இடங்களில் அரித்தது. கொம்புகள் வந்தன. அதிகாரி ஸ்கேல் எடுத்து அளந்தார்.

"பதினோரு அங்குலம். சரியா இருக்கு." முத்திரை குத்தினார்.

அன்றைக்கு அந்த அறையில் விழுந்த முதல் முத்திரை அது. எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

"அவரு மண்டை காலிம்மா" என்றேன்.

அதிகாரி எழுந்து போய் ஆழ்வாரப்பனின் இடது காதுக்குள் எட்டிப் பார்த்தார். "அந்தப் பக்கத்துக் காலண்டர் தெரியுது. இன்னிக்கு சதுர்த்தி." முத்திரை.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது.

"ஓய், உமக்கு நாக்கு மூணு முழம்!"

என் நாக்கு மேஜை மேல் உருண்டு ஓடியது. அதைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, "உமக்கு முதுகெலும்பே கிடையாதுவே!" என்றேன்.

ஆழ்வாரப்பன் நாற்காலியில் ஈர வேட்டி போலத் தொங்கினார்.

முத்திரை. முத்திரை. முத்திரை.

"அப்பா, மணி மூணே முக்கால்" என்றாள் மேகலா.

"இரும்மா. சாமி விஷயம்."

"ஆமாம்மா" என்றார் ஆழ்வாரப்பன், தொங்கியபடியே. "நம்பிக்கை சம்பந்தப்பட்டது. உங்கப்பா மூக்கைப் பத்தி இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கு."

சாஸ்தாவின் பெயரோ பெருமாளின் பெயரோ எங்கள் வாயில் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

கதவு திறந்தது. முழு அலங்காரத்தோடு ஒரு மணப்பெண் எட்டிப் பார்த்தாள். அடுத்த டோக்கன்.

"மாப்பிள்ளை என்ன உயரம்?" என்று கேட்டாள்.

மேகலா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டாள். "நாலு வருஷம்ப்பா" என்றாள்.

மூன்று ஐம்பத்தேழு. பதினோரு பக்கங்களும் நிரம்பியிருந்தன. அதிகாரி புரட்டிப் பார்த்தார்.

"ரொம்ப நேர்த்தியா இருக்கு. ஆனா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டது ஒரு வரிகூட இல்லை. மனு தள்ளுபடி."

கொம்பு மேஜையில் இடிக்கக் குனிந்தேன். "அம்மா, சின்னஞ்சிறுசுக. நாலு வருஷமா காத்துக் கெடக்குதுக."

"பெருமாளே வேண்டாம், சாஸ்தாவையே போட்டுக்கிடுங்க" என்றார் ஆழ்வாரப்பன்.

"சாஸ்தா வேண்டாம்மா, பெருமாளைப் போடுங்க" என்றேன் நான், அதே நேரத்தில்.

"இப்பவும் ஒத்துப்போகலை" என்றார் அதிகாரி. முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. மூன்று ஐம்பத்தொன்பது.

"கல்லுவே இந்தப் பொம்பளை" என்றேன்.

"கல்லேதான்" என்றார் ஆழ்வாரப்பன்.

மின்விசிறி நின்றது. அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒத்துக்கிட்டீங்க" என்றார்.

அவர் கால் விரல்கள் கறுத்தன. முழங்கால் இறுகியது. அம்மி நகர்வது போல ஒரு சத்தம். இடுப்பு. மார்பு. அவர் அவசரப்படவில்லை. எங்கள் வரியைக் கடைசிப் பக்கத்து ஓரத்தில் எழுதினார். முத்திரையை எடுத்தார். தோள் கல்லானது. முழங்கை கல்லானது. மணிக்கட்டு இறுகுவதற்கு முன்னால் முத்திரை விழுந்தது.

கடிகாரம் நான்கு அடித்தது.

ஆழ்வாரப்பன் நாற்காலியிலிருந்து வழுக்கி, அந்தக் கல்லின் காலடியில் விழுந்தார். முதுகெலும்பு இல்லாதவர் வேறு எப்படி விழுவார்? அந்த நேரம் பார்த்து, மேகலாவோடு சேர்த்துக் கதவைத் தள்ளித் திறந்த டோக்கன் வரிசைக்காரர்களுக்கு அது நெடுஞ்சாண்கிடையாகத் தெரிந்தது. வாசலில் செருப்புகள் கழன்றன. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அடுத்த டோக்கன் மணப்பெண் மேஜை மேலிருந்த மணியை எடுத்து அடித்தாள்.

சுவரிலிருந்து ஐந்நூறு பத்திரிகைகள் சூடாக வந்து விழுந்தன. உச்சியில் ஸ்ரீ பரிபூரணத்தம்மன் துணை என்றிருந்தது. கீழே மேகலாவின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், முகூர்த்த நேரம். எல்லாம் சரி. மேகலா மூன்று முறை படித்துவிட்டுக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

நான் ஆழ்வாரப்பனைத் தூக்கி உட்கார வைத்தேன். இருவரும் கைகூப்பி நின்றோம், அதாவது நான் நின்றேன், அவர் என் மேல் சாய்ந்திருந்தார்.

"என்ன சிரிச்ச முகம் பார்த்தீரா அம்மனுக்கு" என்றார்.

"சிரிப்பாவது. கோவமால்லா இருக்கு."

"நான் கிட்டத்துல கெடந்து பார்த்தவன்வே."

"நான் நேரா நின்னு பார்த்தவன்."

"நீரு என்னத்தப் பார்த்தீரு? உம்ம கண்ணு..."

மேகலா செருப்பைக்கூடத் தேடவில்லை. பத்திரிகைக் கட்டோடு ஓட ஆரம்பித்தாள். நல்ல ஓட்டம். அவள் படி இறங்கி மறையும்வரை எனக்குக் கண்கள் இரண்டு இருந்தன.